கீழ் வீட்டு றேடியோவில் எங்கள் விளக்கு

எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. கடிதம் மட்டும் எழுதிப் பழகிய கை இது. அதனால் இந்த எழுத்து கோணல்மாணலாகத்தான் போகும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போவேன், திரும்பி வரும்போது எதில் விட்டேன் என்று மறந்திருப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுகூடச் சரியாக நினைவில்லை. இரண்டாயிரத்து ஆறாக இருக்க வேண்டும், அல்லது ஏழு. மகள் நோர்வேயில், துரொண்ட்ஹெய்ம் நகரத்தில் பிள்ளைத்தாச்சியாக இருந்த வருடம் என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விளங்கும்.

நான் அப்போது அதே நாட்டில் புருசெத் என்கிற இடத்தில் மகனோடும் மருமகளோடும் இருந்தேன். மூன்றாம் மாடி. மகளுக்கு அதற்கு முதல் இரண்டு தடவை கரு தங்கவில்லை. மூன்றாம் தடவை ஐந்தாம் மாதம் கடந்ததும் நான் ஒரு நேர்த்தி வைத்தேன். பிள்ளை கைக்கு வரும் வரைக்கும் எங்கள் சாமி அலுமாரியில் விளக்கு அணையாது என்று பிள்ளையாரிடம் சொன்னேன். மகளுக்குச் சொன்னேன். அவள் தொலைபேசியில், "சரி அம்மா, எரியட்டும்" என்றாள்.

எண்ணெய் விளக்கு வைக்க முடியாது. அதற்கு முந்திய வருடம் ஒரு வெள்ளிக்கிழமை நான் சாம்பிராணி போட்டு, கூரையில் இருக்கிற புகை மணி கத்தி, மாடிப்படி முழுக்கக் கத்தி, எல்லாச் சனமும் வீட்டுச் செருப்போடு பனிக்குள் இறங்கி நின்றார்கள். தீயணைக்கிற வாகனமும் வந்தது. அதற்குப் பிறகு கட்டட நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம். மருமகள் அதை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. "ஒண்டுமில்லை மாமி, இனிமேல் கொளுத்தாதேங்கோ" என்று மட்டும் சொன்னாள். நான் அதன் பிறகு பல நாள் ஆட்கள் ஏறி இறங்குகிற நேரத்தில் வெளியே போகவில்லை.

ஆகவே மின்சார விளக்கு. நகரத்தில் ஒரு தமிழ்க் கடையில் மகன் வாங்கி வந்தான். பித்தளை நிறத்தில் தண்டு, மேலே ஐந்து முகம், ஒவ்வொரு முகத்திலும் சின்ன பல்பு. சுடர் ஆடுவதுபோல் அது ஆடும். சுவரில் செருகுகிற அடப்டர் நெருப்புப்பெட்டி அளவு, பாரமே இல்லை. கையில் வைத்தால் உள்ளே ஒன்றும் இல்லையோ என்று தோன்றும். அதைச் செருகி, கும்பிட்டு, சுவிச்சின் மேல் ஒருவரும் கை வைக்காமல் இருக்க ஒட்டுப் பிளாஸ்ரரும் ஒட்டினேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

அவர் எங்களுக்கு நேர் கீழே இருந்த நோர்வேக் கிழவர். எனக்கும் அவருக்கும் வயது கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், அவருக்கு ஒன்றிரண்டு கூட. மனைவி இறந்து தனியாக இருந்தார். அவரைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்தது ஒரு கம்பி மட்டும்தான். அவருடைய பல்கனியிலிருந்து முற்றத்து மரம் வரை ஒரு மெல்லிய கம்பி போகும். துணி காயப்போடுகிற கொடி என்று நினைத்து, ஒரு தனி ஆளுக்கு இவ்வளவு நீளக் கொடி எதற்கு என்று யோசித்திருக்கிறேன். துணி ஒரு நாளும் அதில் கிடந்ததில்லை.

பகலில் வீட்டில் நான் தனிய. கதவில் இருக்கிற ஓட்டையால் பார்த்தேன். கையில் ஒரு சிறிய பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பெட்டி இரைகிறது. அவர் அதைக் கதவுக்குக் கிட்டக் கொண்டுவரக் கொண்டுவர இரைச்சல் கூடுகிறது, எடுக்கக் குறைகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவின் இந்தப் பக்கம் நின்றேன். அவர் போய்விட்டார். அடுத்த நாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும்.

நான்காம் நாள் பின்னேரம் மருமகள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிற நேரம் பார்த்து வந்தார். அவள் கதவைத் திறந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், நோர்வேக் கிழவர்களோடு கதைக்க அவளுக்குக் கூச்சமே இல்லை. வாசலில் நின்று நெடுநேரம் கதைத்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"மாமி, மனுசன் மூண்டு நாளா வந்து தட்டினவராம். உள்ளுக்குள்ள ஆள் நிக்கிறது தெரிஞ்சதாம். ஏன் திறக்கேல்லை?"

"கறி மணக்குதெண்டு அளக்க வந்த மெசினாக்கும் எண்டு நினைச்சன்."

அவள் அதை அப்படியே அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டாள். கிழவர் முதலில் விளங்காமல் பார்த்து, பிறகு சிரித்தார். எனக்கு நிலம் பிளந்து விழுங்கினால் காணும் போலிருந்தது.

அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பெட்டியை நீட்டிக்கொண்டு சமையலறை, குளியலறை, ரி.வி. என்று ஒவ்வொன்றாகப் போனார். சாமி அலுமாரிக்கு முன்னால் வந்ததும் பெட்டி பெரிய குரலில் இரைந்தது. அவர் கையால் விளக்கைக் காட்டவில்லை. பெட்டியை மட்டும் காட்டினார்.

"மாமி," என்றாள் மருமகள், "கத்துறது உங்கட பிள்ளையார்தான்."

அன்றைக்கு இருந்து கதைத்ததில்தான் விஷயம் தெரிந்தது. அவர் நாற்பது வருடம் கப்பல்களில் தந்தி வேலை செய்தவர். ஓய்வெடுத்த பிறகும் வீட்டில் ஓர் அறையில் றேடியோ வைத்து, உலகத்தில் இருக்கிற மற்ற றேடியோக்காரர்களோடு கதைப்பார். வருமானத்துக்கு அல்ல, விருப்பத்துக்கு. ஆட்களைப் பெரும்பாலும் தெரியாது. ஓர் ஆளை மட்டும் தெரியும். ஒரே கப்பலில் வேலை செய்த சிநேகிதர், நோர்வேயின் வடக்கு முனையில் தனியாக இருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் றேடியோவில் சந்திப்பார்கள். பல வருடப் பழக்கம். அந்தச் சிநேகிதரை மாத முடிவில் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். அங்கே இவருடைய பல்கனியில் இருக்கிறதுபோல் றேடியோக் கம்பி கட்ட விடமாட்டார்கள். இன்னும் மூன்று ஞாயிறுதான் இருக்கிறது. இந்த நேரம் பார்த்து எங்கள் விளக்கின் இரைச்சல் அவருடைய றேடியோவை நிரப்பிவிட்டது. இவர் கதைப்பது அங்கே தெளிவாகக் கேட்கிறதாம். அங்கிருந்து வருவதுதான் இவருக்குக் கேட்கவில்லை.

"அப்ப ஏன் டெலிபோன் எடுக்கேலாது எண்டு கேள்," என்றேன்.

மருமகள் கேட்டாள். அவர் தோளை உயர்த்திக் கொஞ்சம் சொன்னார்.

"டெலிபோனில அந்த மனுசன் ஓம், இல்லை எண்டுபோட்டு ரெண்டு நிமிசத்தில வைச்சிடுவாராம். றேடியோவில எண்டால் ஒரு மணித்தியாலம் கதைப்பாராம்."

அது எனக்கு விளங்கியது. நானும் தொலைபேசியில் கதைக்கிற ஆள் இல்லை.

அவர் கேட்டது பெரிய காரியமில்லை. ஞாயிறு காலை ஒரு மணித்தியாலம் விளக்கை நிற்பாட்ட வேண்டும். நான் ஏலாது என்றேன். மருமகள் அதை எப்படிச் சொன்னாளோ தெரியாது, நேர்த்தியைப் பற்றியும் சொல்லியிருப்பாள். அவர் தலையாட்டினார். பிறகு இன்னொன்று சொன்னார். பிழை விளக்கில் இல்லை, அடப்டரில். பழைய காலத்துப் பாரமான அடப்டர்கள் இரையாது, அவரிடம் அப்படி ஒன்று இருக்கிறது, மாற்றிவிடலாம். கழற்றிச் செருக மூன்று எண்ணுகிற நேரம்தான்.

"மூண்டு எண்ணுற நேரமும் அணையிறது அணையிறதுதானே," என்றேன்.

"அந்த நேரத்துக்கு ஒரு நெய் விளக்கைக் கொளுத்தி வைப்பம் மாமி. பிள்ளையாருக்குக் கரண்ட் எண்டும் நெய் எண்டும் பேதம் தெரியுமே?"

"நான் இந்த விளக்கெண்டு காட்டிச் சொல்லித்தான் கும்பிட்டனான்."

"நல்லாத்தான் கும்பிட்டிருக்கிறியள்."

கிழவருக்கு எங்கள் பாஷை தெரியாவிட்டாலும் நாங்கள் எதில் முட்டுப்படுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். எழும்பிக் கீழே போய் ஒரு சாமானோடு வந்தார். சிவப்புப் பிளாஸ்ரிக் குவளை, உள்ளே மெழுகு, மேலே ஓட்டை போட்ட மூடி. காற்றுக்கும் அணையாது, இரண்டு நாளைக்கு எரியும், புகையும் வராது, இதைக் கொளுத்தி வையுங்கள் என்று என் கையில் தந்தார். நான் வாங்கி, நல்ல சாமான்தான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐயோ மாமி, கீழ வையுங்கோ. உது இவங்கள் சவக்காலையில வைக்கிற விளக்கு!"

நான் உதறியதில் அது விழுந்து உருண்டு மேசைக்குக் கீழே போய்விட்டது. கிழவர் குனிந்து எடுத்தார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஒவ்வொரு கிழமையும் மனைவியின் கல்லறைக்குக் கொண்டுபோகிறதில் ஒன்றை எடுத்து வந்திருக்கிறார், வீட்டில் இருந்த விளக்கு அதுதான். இருந்தாலும் பிள்ளைத்தாச்சிக்காக எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் அது வந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் போன பிறகு மேசைக்குக் கீழே மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். மருமகள் பார்த்துவிட்டுப் பாராததுபோல் போனாள்.

முதல் ஞாயிறு அவர் எங்களைக் கீழே கூப்பிட்டார். வந்து கேட்டுப் பாருங்கள் என்றாராம். மருமகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். சின்ன அறை. சுவர் முழுக்கத் தபாலட்டைகள். மேசையில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி, முன்னால் திருகுகிற குமிழ்களும் பொத்தான்களும், நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிக்குள் முள். மணிக்கூட்டு முள் போல் சுற்றாது, தராசு முள் போல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும். அவர் ஒலிபெருக்கியைப் போட்டார்.

அதுதான் எங்கள் விளக்கு என்றார். தேன்கூட்டைக் காதில் வைத்தது போல் ஒரே இரைச்சல், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல். மேலே வெளிச்சமாக நான் கும்பிடுகிறது இங்கே இப்படிக் கேட்கிறது. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பத்து மணிக்கு அந்த இரைச்சலுக்குள் ஏதோ அசைந்தது. மனிதக் குரல்தான், ஆனால் சொல் பிடிபடவில்லை. அவர் ஒவ்வொன்றாகத் திருகினார். ஒரு பொத்தானை அமுக்கினார், இரைச்சலில் ஒரு மாற்றமும் இல்லை. அது மோட்டார் வாகனங்கள் டக் டக் என்று போடுகிற சத்தத்தை வெட்டத்தான் உதவுமாம், இப்படித் தொடர்ந்து இரைகிறதுக்கு உதவாதாம். இன்னொரு குமிழைத் திருப்பக் குரல் மூக்கைப் பொத்திக் கதைக்கிற மாதிரி ஒடுங்கியது, இரைச்சலும் ஒடுங்கியது. ஓரத்துச் சத்தங்களை வெட்டிவிட்டு நடுவை மட்டும் விடுகிறதாம். அதற்குப் பிறகு இடது பக்கத்துக் குமிழ். ஆகாயத்தில் இருந்து எவ்வளவு உள்ளே எடுக்கிறது என்பது அந்தக் குமிழில்தான் இருக்கிறதாம். அதைக் குறைத்து, ஒலியைக் கூட்டினார். இரைச்சல் வடிந்தது. வேறு நாளில் என்றால் குரல் அப்போது தனியாக மேலே வரும் என்றார், அங்கே கதைக்கிற ஆளின் குரல் இரைச்சலைவிடப் பெரிதாக இருந்தால். அன்றைக்குச் சிநேகிதரின் குரல் இரைச்சலைவிடச் சிறிது. இரைச்சல் போகக் குரலும் சேர்ந்து போய்விட்டது. திரும்பக் கூட்டினார். திரும்பக் குறைத்தார்.

இவ்வளவையும் மருமகள் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கே பாதி விளங்கவில்லை. நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் குமிழ் எதைச் செய்கிறது என்று எனக்குப் பதிந்துவிட்டது. கறிக்கு எது எவ்வளவு என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கஷ்டமில்லை.

அரை மணித்தியாலத்தில் அவர் ஒலிவாங்கியில் ஏதோ சொல்லிப் பெட்டியை நிற்பாட்டினார். அந்த ஞாயிறு அப்படிப் போனது.

அந்தக் கிழமை அவர் கடையில் ஏதோ வாங்கி வந்தார். கறுப்புக் கட்டிகள், இரண்டாகத் திறந்து வயரைச் சுற்றிப் பூட்டுகிறவை. இதை அடப்டரின் வயரில் பூட்டினால் இரைச்சல் வயர் வழியாகப் பரவாமல் இருக்கக்கூடும், விளக்கை அணைக்கத் தேவையில்லை. ஆனால் ஒருவர் மேலே பூட்ட வேண்டும், ஒருவர் கீழே கேட்க வேண்டும். பகலில் அவரும் நானும்தான் கட்டடத்தில். மருமகள் செவ்வாய் இரவே ஒழுங்கு பண்ணிவிட்டு, புதன்கிழமை காலை வேலைக்குப் போய்விட்டாள்.

"மாமி, வாயே திறக்கத் தேவையில்லை. முள்ளைப் பாத்துக்கொண்டிருக்கிறதுதான் வேலை."

அதனால்தான் சம்மதித்தேன். ஒரு தாளில் அவர் படம் போட்டுத் தந்தார். முள் வலப் பக்கம் நின்றால் ஒரு கோடு. இடப் பக்கம் விழுந்தால் மூன்று கோடு. அறையின் மூலையில் ஹீற்றர் குழாய் மேலே எங்கள் வீட்டுக்குள் போகிறது, சாமி அலுமாரிக்குப் பக்கத்தால். அந்தக் குழாயில் தேக்கரண்டியால் தட்ட வேண்டும். மாற்றமில்லை என்றால் ஒரு தட்டு, குறைந்துவிட்டால் மூன்று தட்டு.

நான் அவருடைய கதிரையில் இருந்து, காதுக்கு மாட்டுகிறதை மாட்டிக்கொண்டேன். அவர் எங்கள் வீட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு மேலே போனார். ஓர் அந்நிய ஆண் என் சாமி அலுமாரிக்கு முன்னால் தனியாக நிற்கப் போகிறார், நான் அவருடைய கதிரையில் இருக்கிறேன். ஊரில் இருந்து யாரும் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். பிறகு முள்ளைப் பார்த்தேன்.

மேலே இருந்து ஒரு தட்டு வந்தது. முதல் கட்டி பூட்டியாயிற்று என்று அர்த்தம். இரைச்சல் அப்படியே. நான் ஒரு தட்டுத் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது. அப்படியே. ஒரு தட்டு. மூன்றாவதுக்குக் கூட நேரம் எடுத்தது, வயரைக் கட்டிக்குள் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறார், பிறகு பார்த்தேன். அதற்கும் இரைச்சல் அசையவில்லை.

இனி அவர் கீழே வருவார். வந்து, வழியில்லை, கழற்றத்தான் வேண்டும் என்பார். மருமகள் பின்னேரம் வந்து அவர் பக்கம் நிற்பாள். மகனும் அவள் சொல்லுக்குத் தலையாட்டுவான். எனக்கு அது எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. மகள் ஏழாம் மாதத்தில் இருக்கிறாள்.

நான் இடது பக்கத்துக் குமிழைக் குறைத்தேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கை போனது. இரைச்சல் அரிசி களைந்த தண்ணீர் வடிகிற மாதிரி வடிந்து, காதுக்குள் ஒன்றுமில்லாமல் போனது. ஆனால் முள் இடப் பக்கம் விழவில்லை. அது வலப் பக்கம் இன்னும் ஏறி, முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தும் நான் குழாயில் மூன்று தட்டுத் தட்டினேன்.

மேலே இருந்து உடனே மூன்று தட்டு வந்தது. வேகமாக, சந்தோசமாக. அதை இப்போதும் என்னால் அதே வேகத்தில் தட்டிக் காட்ட முடியும்.

படியில் காலடி கேட்டது. குமிழைத் திருப்பி வைத்திருக்கலாம். வைத்தால் இரைச்சல் வந்துவிடும். வைக்காமல் இருந்தேன். அவர் வந்து எனக்குப் பின்னால் நின்றார். முள்ளைப் பார்த்தார். குமிழைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கையை நீட்டிக் குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். காதுக்குள் தேன்கூடு திரும்பி வந்தது. முள் கொஞ்சம் இறங்கி, முதல் நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது.

"தக்," என்றார். நன்றி என்று அர்த்தம். அவர்கள் எல்லாவற்றுக்கும் அதைச் சொல்வார்கள்.

பிறகு சமையலறைக்குப் போய்க் கோப்பி கொண்டுவந்து வைத்தார். இரண்டு பிஸ்கட்டும். எதிரில் இருந்து யன்னலைப் பார்த்துக்கொண்டு தன்னுடையதைக் குடித்தார். நானும் குடித்து முடித்துத்தான் எழும்பினேன். குடிக்காமல் வருவது இன்னும் மரியாதையில்லை என்று பட்டது.

பின்னேரம் மருமகள் அவரைப் படியில் கண்டு கேட்டிருக்கிறாள். வந்து எனக்குச் சொன்னாள்.

"கட்டி சரிவரேல்லையாம். நீங்கள் நல்லா உதவி செய்தனீங்களாம். மனுசன் உங்களைப் பெரிசாப் புகழுது மாமி."

நான் சோறு போட எழும்பினேன்.

அவர் காட்டிக் கொடுத்திருந்தால் நான் மருமகளோடு ஒரு சண்டை பிடித்திருப்பேன், அதோடு போயிருக்கும். அன்றிரவு சாமி கும்பிடப் போனால் விளக்கைப் பார்க்க முடியவில்லை. ஐந்து முகமும் எரிகிறது. கும்பிட்டேன், ஆனால் வாயில் தேவாரம் பாதியில் நின்றுவிட்டது.

இரண்டாம் ஞாயிறு நான் கீழே போகவில்லை. பத்து மணிக்குச் சாமி அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். குழாய்ப் பக்கத்தால் அவருடைய குரல் வந்தது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். "யெந்தா. யெந்தா." கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "யெந்தா."

மருமகள் உடுப்பு மடித்துக்கொண்டு நின்றாள். அதென்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"திரும்பச் சொல்லு எண்டு கேக்கிறார்."

எத்தனை தரம் என்று எண்ணவில்லை. கனதரம். பிறகு சத்தமில்லை. மருமகள் ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் ஒரு மறுமொழி வைத்திருந்தேன்.

அந்தக் கிழமை முழுக்க நான் யோசித்தது ஒன்றைத்தான். விளக்கு அணையாமல் இருப்பதற்காகப் பொய்த் தட்டுத் தட்டினேன். பொய் சொல்லி எரிய வைத்த விளக்கைப் பிள்ளையார் என்ன கணக்கில் எடுப்பார்? எடுக்காவிட்டால் அந்தப் புதன்கிழமையே நேர்த்தி முறிந்துவிட்டது. எரிகிறது வெறும் பல்பு. எடுத்தாலும், அடுத்த வீட்டு மனிதனின் காதை அடைத்து என் பேரப்பிள்ளைக்கு ஒன்றைக் கேட்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தேன், இரண்டு பக்கமும் எனக்குச் சாதகமாக இல்லை. ஐயரிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால் முழுவதையும் சொல்ல வேண்டும். கேட்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு மகனும் மருமகளும் லில்லெஸ்ட்ரோமில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு வெள்ளெனப் போனார்கள். நான் முழுகி, உடுத்து, அலுமாரிக்கு முன்னால் நின்றேன். மணி பத்துக்குக் கொஞ்சம் இருந்தது. பிள்ளையாரிடம் நீளமாக ஒன்றும் சொல்லவில்லை. செய்கிறது நான், பழியைப் பிள்ளைமேல் போடாதே என்று மட்டும் சொன்னேன். ஒட்டுப் பிளாஸ்ரரை உரித்தேன். அடப்டரைப் பிடித்து இழுத்தேன். அது சூடாக இருந்தது. ஐந்து முகமும் ஒன்றாக அணையவில்லை. ஒன்று பிந்தி அணைந்தது.

அடப்டரைக் கையில் எடுத்துக்கொண்டு படியால் இறங்கினேன். இந்த நாட்டுக்கு வந்து அத்தனை வருடத்தில் நான் தனியாகப் போய் ஒரு நோர்வேக்காரர் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. அவர் திறந்தார். கதைக்க எனக்குப் பாஷை இல்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

அவர் அடப்டரைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். சட்டென்று உள்ளே போய் அந்தப் பாரமான பழைய அடப்டரை எடுத்து வந்து என் மற்றக் கையில் வைத்து, மேலே கை காட்டினார். போய்ச் செருகுங்கள், நேரம் இருக்கிறது என்கிறார். நான் தலையாட்டினேன், ஆனால் போகவில்லை. அந்த ஒரு மணித்தியாலம் அணைந்தே இருக்கட்டும் என்று நான் மேலேயே முடிவெடுத்துவிட்டேன். மூன்று எண்ணுகிற நேரம் என்று குறைத்து இன்னொரு தந்திரம் செய்ய மனம் வரவில்லை. இதை அவருக்குச் சொல்ல என்னால் முடியவில்லை. அவர் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டார்.

ஒலிபெருக்கியில் தேன்கூடு இல்லை. தூரத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம், அவ்வளவுதான். முள் இடப் பக்கத்தில் படுத்துக் கிடந்தது. அவர் குமிழ்களைத் திருகி எல்லாவற்றையும் திறந்து விட்டார், ஒடுக்கி வைத்ததை அகட்டினார், குறைத்து வைத்ததைக் கூட்டினார். பத்து மணிக்கு அந்தச் சிநேகிதரின் குரல் வந்தது. கட்டைக் குரல், இருமல் வேறு. சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுக் கதைத்தார். கிழவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ஒரு தரமும் யெந்தா சொல்லவில்லை.

என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பிறகொரு நாள் மருமகள் கேட்டு வந்து சொன்னாள். எத்தனை பாகை குளிர், காற்று எந்தப் பக்கம், கொட்டிலுக்குள் நரி புகுந்தது, மிச்சம் இருக்கிற உருளைக்கிழங்கை யாருக்குக் கொடுப்பது.

"இதுக்கோ மாமி இந்தப் பாடு?" என்றாள்.

"நாங்கள் என்ன கதைக்கிறனாங்கள்?" என்றேன்.

கடைசியில் இரண்டு பேரும் தங்கள் எழுத்துகளையும் இலக்கங்களையும் சொன்னார்கள். றேடியோவில் அவர்களுக்கு அதுதான் பெயராம். குரல் நின்றது. கிழவர் பெட்டியை நிற்பாட்டவில்லை. அந்த மழைச் சத்தத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். நானும் இருந்தேன். பிறகு பாரமான அடப்டரை எடுத்துக்கொண்டு மேலே வந்து செருகினேன். அது தன் பாரத்தில் சுவரில் இருந்து கழன்று கழன்று வந்தது. மருமகள் பின்னேரம் வந்து கீழே ஒரு மரப்பெட்டியை முட்டுக் கொடுத்தாள். விளக்கு அணைந்திருந்ததை அவளுக்கு அன்றைக்கே சொன்னேன். புதன்கிழமைத் தட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

மகளுக்குச் சித்திரையில் பெண் பிள்ளை பிறந்தது. சுகமாகப் பிறந்தது. நான் துரொண்ட்ஹெய்முக்குப் போய் மூன்று மாதம் நின்று பத்தியம் பார்த்தேன். பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு மகள், "அம்மா, உங்கட விளக்குத்தான்" என்றாள். நான் பிள்ளையின் காலை மூடிவிட்டேன். அது ஒரு மணித்தியாலம் அணைந்திருந்தது என்று அவளுக்கு இதுவரை சொல்லவில்லை. இதை வாசித்தால் தெரிந்துகொள்வாள்.

கிழவர் அதற்குப் பிறகும் நாலைந்து வருடம் கீழேயே இருந்தார். படியில் கண்டால் இரண்டு பேரும் தலையாட்டுவோம். அதற்கு மேல் கதைத்ததில்லை.

றேடியோவைப் பற்றி நான் எழுதியதில் பிழை இருக்கலாம். அந்த வேலை தெரிந்த யாராவது இதைப் பார்த்துத் திருத்த வேண்டும். முக்கியமாக, உள்ளே எடுக்கிற குமிழைக் குறைத்தால் சத்தம் இறங்கி முள் மட்டும் ஏறுமா என்று பாருங்கள். நான் என் கண்ணால் கண்டது அப்படித்தான், ஆனால் பயத்தில் கண்டது. மாறிச் சொல்லியிருந்தால் வெட்டிவிட்டுச் சரியானதை எழுதுங்கள். குமிழ் இடது பக்கமா வலது பக்கமா என்பதையும், அந்தச் சொல் யெந்தாதானா என்பதையும் மருமகளிடம் கேட்டால் சொல்வாள்.